ஒப்பந்தம் முடியமுன் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்: 675 டொலரா, 825 டொலரா?

ஸ்காபரோவில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 24 மாத ஒப்பந்தத்தில் விலை கூடிய போன் ஒன்றை எடுத்தார். இப்போது ஒன்பதாவது மாதம் நடக்கிறது. பிளானுக்கு 65 டொலர், போன் தவணைக்கு 45 டொலர், வரிக்கு முன் மாதம் 110. இன்னொரு நிறுவனம் ஏறக்குறைய அதே டேட்டாவை 34 டொலருக்குத் தருகிறது. இப்போது விலகினால் எவ்வளவு என்று விசாரித்தாராம். மோலில் இருக்கும் கடையில் 675 என்றார்கள், வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்துக் கேட்டபோது 825 என்றார்கள். கூட இருக்கும் நண்பர், மிச்ச 15 மாதத்துக்கும் முழு பில்லையும் கட்டவேண்டி வரும், 1,650 டொலர் என்று பயப்படுத்தியிருக்கிறார். எது உண்மை?

தம்பி, நண்பர் சொன்னது கனடாவில் பிழை. கடைக்காரர் சொன்னது பாதிக் கணக்கு. தொலைபேசியில் சொன்னது சரியான தொகை. ஆனால் அந்த 825 டொலரும் விலகுவதற்கான விலை அல்ல. உங்களுடைய விஷயத்தில் விலகுவதன் உண்மையான விலை 150 டொலர். நான் ஏழு வருடம் போன் கடை ஒன்றில் வேலை செய்தவள். இந்தக் கணக்கு விளங்காமல், பிடிக்காத பிளானுக்கு இரண்டு வருடமும் பேசாமல் காசு கட்டிய நம் ஆட்களை நிறையக் கண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கனடாவில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான சி.ஆர்.டி.சி. 2013 ஜூன் 3 அன்று 'வயர்லெஸ் கோட்' என்ற நடத்தை விதிகளை அறிவித்தது. அவ்வருடம் டிசம்பர் 2 முதல் எழுதிய ஒப்பந்தங்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது. 2015 ஜூன் 3 முதல் பழைய ஒப்பந்தங்களுக்கும் சேர்த்துப் பொருந்தியது. அதற்கு முன் இங்கே மூன்று வருட ஒப்பந்தம்தான் வழக்கம். 2011இல் நானும் அப்படி ஒன்றில் மாட்டியிருந்தேன். வேலை மாறியது, புது இடத்தில் நிலக்கீழ் அறையில் சிக்னலே இல்லை. விலகக் கேட்டபோது மிச்ச மாதம் ஒன்றுக்கு 20 டொலர் வீதம் 22 மாதத்துக்கு 440 டொலர் கேட்டார்கள். போனின் விலைக்கும் அந்தக் காசுக்கும் என்ன தொடர்பு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கட்டினேன். கியூபெக் மாகாணம் மட்டும் 2010இலேயே தன் நுகர்வோர் சட்டத்தில் இதற்கு எல்லை போட்டிருந்தது. ஒன்ராறியோவில் இருந்த எங்களுக்கு அந்த நேரம் அது உதவவில்லை.

கோட் வந்தபின் அடிப்படையே மாறியது. நிறுவனம் உங்களுக்குப் போனில் எவ்வளவு காசை விட்டுத் தந்ததோ அல்லது கடனாகத் தந்ததோ, அதை மட்டும்தான் விலகும்போது திரும்பக் கேட்கலாம். அதுவும் மாதாமாதம் சம அளவில் குறைந்து, அதிகபட்சம் 24 மாதத்தில் பூச்சியமாக வேண்டும். இதற்கு மேல் 'நிர்வாகக் கட்டணம்', 'விலகல் அபராதம்' என்று எந்தப் பெயரிலும் ஒரு சதம்கூட வாங்க முடியாது. மிச்ச மாதங்களின் பிளான் காசைக் கேட்கவே முடியாது. நண்பர் சொன்ன 1,650 இங்கேயே அடிபட்டுப் போகிறது. அவர் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பிரித்தானியாவில் மிச்ச மாதங்களின் கட்டணத்தை ஒட்டித்தான் கணக்குப் போடுவார்கள். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறவர்கள் பலர்.

இனி உங்களுடைய தாள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தச் சுருக்கத்தில் போனின் முழு விலை 1,320 டொலர். கையெழுத்து வைத்தபோது 240 டொலர் தள்ளுபடி தந்திருக்கிறார்கள். மிச்சம் 1,080 டொலர், 24 தவணை, மாதம் 45. ஒன்பது மாதத்தில் நீங்கள் கட்டியது 405. இன்னும் கட்ட வேண்டிய தவணை 675. கடைக்காரர் கணினியில் பார்த்துச் சொன்னது இந்த எண்ணை மட்டும்தான்.

ஆனால் அந்த 240 டொலர் தள்ளுபடி, 24 மாதமும் எங்களோடு இருங்கள் என்ற நிபந்தனையில் தந்த காசு. மாதம் 10 டொலராக அது உங்களுக்குச் சொந்தமாகிறது. ஒன்பது மாதத்தில் 90 டொலர் உங்களுடையதாகிவிட்டது. மிச்சம் 150ஐத் திருப்பிக் கேட்பார்கள். 675உம் 150உம் சேர்ந்தால் 825. இது கோட் வகுத்த எல்லைக்குள் வருகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம்: 1,320ஐ 24ஆல் பிரித்தால் மாதம் 55, மிச்சம் 15 மாதம், 55 பெருக்கல் 15, அதே 825. ஆக தொலைபேசியில் சொன்னவர் உங்களை ஏமாற்றவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த 675 டொலரை நீங்கள் இருந்தாலும் கட்டத்தான் போகிறீர்கள், போனாலும் கட்டத்தான் போகிறீர்கள். அது போனின் விலை. போன் உங்கள் கையில் இருக்கிறது. விலகுவதால் அது ஒரே தடவையில் கடைசி பில்லில் வந்து நிற்கும், அவ்வளவுதான். விலகுவதால் மட்டும் நீங்கள் இழப்பது அந்த 150 டொலர். அதற்கு எதிரில் என்ன கிடைக்கிறது? 65க்கும் 34க்கும் இடையில் 31 டொலர். 15 மாதத்துக்கு 465. 150ஐக் கழித்தால் 315 டொலர் உங்களுக்கு மிச்சம். ஒன்ராறியோவில் 13 வீத வரியையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் இன்னும் கொஞ்சம் கூடும்.

825 என்ற எண்ணைக் கேட்டவுடன் நெஞ்சு அடைப்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. செமஸ்டர் கட்டணமும் அறை வாடகையும் கட்டும் பிள்ளைக்கு 825 டொலரை ஒரே நேரத்தில் எடுத்து வைப்பது சின்ன விஷயம் இல்லை. கணக்குப்படி இலாபம் என்பதற்காகக் கடன் அட்டையில் போட்டு 20 வீதத்துக்கு வட்டி கட்டப் போனால் அந்த இலாபத்தில் நல்ல பங்கை வட்டி விழுங்கும். அந்தக் காசு கையில் இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். ஒவ்வொரு மாதமும் விலகும் தொகை 55 டொலர் குறையும். 34 டொலர் பிளான் போனால் போகட்டும். ஆகஸ்ட் கடைசியில் கல்லூரி திறக்கும் காலத்திலும், நவம்பர் கடைசியில் கறுப்பு வெள்ளிக்கும், டிசம்பர் பொக்சிங் டேக்கும் இப்படிப்பட்ட பிளான்கள் திரும்ப வராமல் இருந்ததை நான் கண்டதில்லை.

நாள் பார்த்து விலகுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தொடங்கிவிட்ட மாதத்தை முடிந்த மாதமாகத்தான் கணக்கிட வேண்டும் என்பது கோட்டின் விதி. உங்கள் ஒப்பந்த மாதம் இன்னும் மூன்று நாளில் மாறுகிறது என்றால், அந்த மூன்று நாள் பொறுத்துப் பத்தாவது மாதத்தின் முதல் நாள் விலகுங்கள். 825க்குப் பதில் 770. பில் திகதியும் ஒப்பந்தத் திகதியும் பல பேருக்கு வேறு வேறாக இருக்கும். பார்க்க வேண்டியது ஒப்பந்தத் திகதியை.

உங்கள் தாளில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் நான் கண்ட கண்ணீர் அதிகமும் இதனால்தான். இப்போது பல நிறுவனங்கள், போன் விலையில் ஒரு பகுதியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கின்றன. இரண்டு வருட முடிவில் போனைத் திருப்பித் தந்தால் அந்தப் பகுதியைக் கட்டத் தேவையில்லை. போனை வைத்துக்கொண்டால் கட்ட வேண்டும். மாதத் தவணை குறைவாகத் தெரிவதால் ஆட்கள் சந்தோசமாகக் கையெழுத்து வைப்பார்கள். அந்தத் தள்ளி வைத்த தொகை மாதாமாதம் கட்டிக் குறைவதில்லை, கடைசிவரை அப்படியே நிற்கும். ஒருநாள் ஒரு அம்மா வந்தார். மகன் எடுத்துக் கொடுத்த போன், மாதம் 20 டொலர்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தார். 24 மாதம் முடிந்து பில்லில் 400 டொலருக்கு மேல் வந்து நின்றது. போனின் கண்ணாடி வெடித்திருந்ததால் திருப்பித் தரவும் முடியவில்லை. அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததுதான் நடந்தது. ஆனால் அவருக்கு அதை ஒருவரும் தமிழில் சொல்லவில்லை. இப்படியான ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இடையில் விலகக் கேட்கும்போது மூன்று எண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள்: தவணை மிச்சம் எவ்வளவு, தள்ளுபடி மிச்சம் எவ்வளவு, தள்ளி வைத்த தொகை எவ்வளவு. இப்போதே போனைத் திருப்பித் தந்தால் மூன்றாவது தொகையை விடுவார்களா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சொந்தப் போனில் சிம் மட்டும் எடுத்தவர்களுக்குக் கணக்கு மிக இலகு. மாதத்துக்கு மாதம் போகும் பிளான் என்றால் விலக ஒரு சதமும் இல்லை. போன் எடுக்காமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் செய்திருந்தால், மிச்ச மாதங்களின் அடிப்படைக் கட்டணத்தில் 10 வீதம் அல்லது 50 டொலர், இரண்டில் எது குறைவோ அது. 40 டொலர் பிளானில் ஆறு மாதம் மிச்சம் என்றால் 24 டொலர். அதற்கு மேல் யாராவது கேட்டால் அது பிழை.

ஒரு சதமும் கட்டாமல் வெளியே வரும் வழிகளும் உண்டு. உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது. புதிதாக எடுக்கப் போகிறவர்கள் கவனியுங்கள். போனோடு ஒப்பந்தம் எடுத்தால் முதல் 15 நாள் சோதனைக் காலம். பிளானில் தரும் மாத அளவில் பாதிக்கு மேல் பாவிக்காமல், போனைப் புதிது போல வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால் விலகல் கட்டணம் எதுவும் இல்லை. இயலாமை உள்ளவர்களுக்கு அது 30 நாள். எங்கள் வீடுகளில் காது கேட்காத, கண் பார்வை குறைந்த வயதானவர்களுக்குப் போன் எடுக்கும்போது இந்த 30 நாளைக் கேட்டு வாங்க வேண்டும். நீங்களாகச் சொல்லாவிட்டால் கடையில் அது யாருக்கும் தெரிய வராது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விதி. தொலைபேசியில் கதைத்து ஒப்பந்தம் செய்தால் 15 நாளுக்குள் எழுத்துப் பிரதி உங்களுக்கு வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பிரதியில் இருப்பது உங்களுக்குச் சொன்னதோடு ஒத்துப் போகாவிட்டாலோ, பிரதி கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கட்டணம் இல்லாமல் விலகலாம். வீட்டுக்கு அழைப்பு எடுத்து 'இன்றைக்கு மட்டும்' என்று அவசரப்படுத்தி விற்பவர்களிடம் நம் ஆட்கள் நிறையவே விழுகிறார்கள். அப்படி எடுத்திருந்தால் பிரதியை உடனே வாசியுங்கள். முன்பக்கத்தில் வரும் முக்கியத் தகவல் சுருக்கம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் விதி. விலகும் தொகையை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது அதிலேயே இருக்கும்.

மாதத் தவணையைக் குறைக்க 36 மாதத் தவணைத் திட்டம் என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். 2019இல் பெரிய நிறுவனங்கள் அப்படித் தொடங்கியபோது, அந்த ஆகஸ்டில் சி.ஆர்.டி.சி. நிறுத்தச் சொன்னது. 24 மாதம் என்ற எல்லை அவ்வளவு முக்கியமானது. அது உடைந்தால் 2011இல் நான் நின்ற இடத்துக்குத்தான் எல்லோரும் திரும்பிப் போவோம்.

தம்பி, விலகுவதென்று முடிவெடுத்தால் முதலில் பழைய நிறுவனத்துக்கு எடுத்து 'நிறுத்துங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இணைப்பை நிறுத்தினால் இலக்கமும் போய்விடும். ஊரில் அம்மா அப்பாவுக்கும், வங்கிக்கும், கல்லூரிக்கும் கொடுத்த இலக்கம் அல்லவா. புதிய நிறுவனத்திடம் போய், உங்கள் பழைய இலக்கத்தையே தங்களிடம் மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். கனடாவில் 2007 மார்ச்சிலிருந்து இந்த வசதி இருக்கிறது. பழைய கணக்கு இலக்கம் கேட்பார்கள், பில்லில் இருக்கும். பிறகு பழைய சிம்முக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், மாற்றத்துக்குச் சம்மதமா என்று. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் 'யெஸ்' என்று பதில் போடாவிட்டால் மாற்றம் நடக்காது. இலக்கத் திருட்டைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆகவே பழைய சிம்மை அதுவரை போனிலேயே வைத்திருங்கள். இலக்கம் புதிய நிறுவனத்துக்குப் போனதும் பழைய கணக்கு தானாகவே மூடப்படும்.

30 நாள் முன்னறிவித்தல் தர வேண்டும், இன்னும் ஒரு மாதம் கட்ட வேண்டும் என்று சொன்னால் ஏற்காதீர்கள். 2015 ஜனவரி 23இலிருந்து அது தடை. நீங்கள் அறிவித்த நாளிலேயே விலகல் நடைமுறைக்கு வர வேண்டும். வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யும்படி போனின் பூட்டைத் திறக்கவும் காசு கிடையாது, 2017 டிசம்பர் 1இலிருந்து இலவசம். அதன்பின் விற்ற போன்கள் பூட்டில்லாமல்தான் வர வேண்டும். அந்தத் திகதிக்கு முன் 50 டொலர் வாங்கிக்கொண்டு பூட்டுத் திறந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

போகும் முன் பழைய நிறுவனத்தோடு ஒரு தடவை கதைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவு என்று தனியாக இருக்கும், அவர்களிடம் மாற்றிவிடச் சொல்லுங்கள். கடையில் இருப்பவருக்கு இல்லாத அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 65ஐ 45 ஆக்கித் தந்தால் வேறுபாடு 11 டொலர்தான். 15 மாதத்துக்கு 165. 150ஐ இழந்து 165ஐச் சேமிக்க இவ்வளவு அலைச்சல் தேவையில்லை, அங்கேயே இருந்துவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சில தள்ளுபடிகள் குறிப்பிட்ட விலைக்கு மேலான பிளானோடு கட்டப்பட்டவை. பிளானை இறக்கினால் தள்ளுபடி போகுமா என்று முதலில் கேளுங்கள். புதிதாக 24 மாதம் தொடங்குமா என்பதையும் கேளுங்கள். சலுகையைத் தந்துவிட்டு ஒப்பந்தத்தை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும் வழக்கமும் இருக்கிறது. பேசியவரின் பெயர், நாள், நேரம், சொன்ன எண், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

கட்டாமல் விட்டுவிடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளுக்குச் சில பேர் அந்தப் புத்தியைச் சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். கட்டாத தொகை வசூல் நிறுவனத்துக்குப் போகும், உங்கள் கடன் அறிக்கையில் ஆறு வருடம் வரை நிற்கும். நாளைக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துத் திரும்பி வந்து ஒரு வீடு வாடகைக்குக் கேட்கும்போது, 400 டொலர் போன் பாக்கி முன்னால் வந்து நிற்கும். திரும்பிப் போகிறவர்களுக்கு நல்ல வழி, ஒப்பந்தத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று நிறுவனத்தைக் கேட்பது. புதிதாக வந்து இறங்கிய ஒரு மாணவர் போனோடு சேர்த்து எடுத்துக்கொண்டால் இருவருக்கும் நன்மை. அவருக்கும் கடன் சோதனை நடக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசி பில் வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். தவணை மிச்சம் 675, தள்ளுபடி மிச்சம் 150, அந்த மாதத்தில் பாவித்த நாட்களுக்கான பிளான் காசு, வரி. முன்கூட்டியே ஒரு முழு மாதத்துக்கு பில் போட்டிருந்தால், பாவிக்காத நாட்களின் காசைக் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். விளங்காத பெயரில் ஏதாவது தொகை இருந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தீராவிட்டால் சி.சி.டி.எஸ். என்ற முறைப்பாட்டு ஆணையம் இருக்கிறது; 2007இல் தொடங்கிய சுயாதீன அமைப்பு. செலவை நிறுவனங்கள் ஏற்கின்றன, உங்களுக்கு இலவசம். இணையத்தில் படிவத்தை நிரப்பினால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை. என்னிடம் வந்த ஒரு தாத்தாவுக்காக ஒரு தடவை நான் அதை நிரப்பினேன். 85 டொலர் 'கணக்கு மூடும் கட்டணம்' என்று போட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தது. அந்தக் காசோலையின் பிரதியை அவர் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார்.